ஒன்பதாவது இறகு: தனுஷ்கோடியில் மூன்று கடற்காகங்களை இனங்கண்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்களுக்கு ஜனவரி கணக்கெடுப்பு மாதம். 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு அந்த மாதத்தில்தான் நடக்கிறது. பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் வந்துவிடும். இங்கே பதிவாகும் நிகழ்வு சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கணக்கெடுப்பின்போது தனுஷ்கோடியில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது.

களத்தில் இருந்தவர்கள் மூவர். கேமரா வைத்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர், பல ஆண்டுகளாகப் பறவை பார்த்துவரும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், பட்டியல் எழுதிய பள்ளி ஆசிரியை ஒருவர். பின்னர் அந்தக் கரையில் கரைவலை இழுக்கும் மீனவர் ஒருவரும் இதில் முக்கியமானவர் ஆனார். பட்டியலும் படங்களும் சரிபார்ப்புக்காக என்னிடம் வந்தன. என் பங்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1964 டிசம்பர் புயலில் அழிந்த பழைய ஊரைத் தாண்டி அரிச்சல்முனை வரை இன்று சாலை போகிறது. சாலையின் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. உள்ளூரில் முன்னது பெண்கடல், பின்னது ஆண்கடல். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் பக்கம் அலை குறைவாக இருக்கும். கரைவலை ஏறியதும் காரல் போன்ற விலைபோகாத பொடிமீன்களை மணலில் கொட்டிவிட்டுப் போவார்கள். கடற்காகங்கள் (ஆங்கிலத்தில் gull) கூடுவது அங்கேதான்.

கூட்டத்தில் பெரும்பாலானவை பழுப்புத்தலைக் கடற்காகங்கள். திபெத்திய மேட்டுநிலத்திலும் லடாக் ஏரிகளிலும் கூடுகட்டிவிட்டுக் குளிர்காலத்தில் நம் கரைக்கு வருபவை. இவற்றில் குழப்பம் குறைவு. நடுவில் உயரமாக, பெருத்த அலகோடு நிற்கும் பெரிய கடற்காகங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தென்கரைக்கு வழக்கமாக வரும் பெரிய கடற்காகம் ஹியூக்ளின் கடற்காகம். ரஷ்யாவின் வடகோடியில், கோலா தீபகற்பத்துக்கும் தைமிர் தீபகற்பத்துக்கும் இடைப்பட்ட தூந்திரப் பகுதியில் கூடுகட்டுவது. அதன் நெருங்கிய உறவான ஸ்டெப்பி கடற்காகம் மேற்குச் சைபீரியா, வட கஜகஸ்தான் புல்வெளிகளின் ஏரிகளில் இனப்பெருக்கம் செய்கிறது. இவ்விரண்டையும், பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையதளத்தின் பட்டியல் சிறிய கருமுதுகுக் கடற்காகத்தின் கிளையினங்களாகவே வைத்திருக்கிறது. கேஸ்பியன் கடற்காகம் தனி இனம். இந்தியாவில் அதற்கான பதிவுகள் பெரும்பாலும் குஜராத் கரையையும் வடஇந்திய நீர்நிலைகளையும் சேர்ந்தவை. தமிழ்நாட்டுப் பட்டியலில் அந்தப் பெயர் வந்தால் சரிபார்ப்பவர் நிமிர்ந்து உட்காரத்தான் செய்வார்.

முதல் நாள் பதிவு

அன்று குழு பார்த்த பெரிய கடற்காகங்கள் மூன்று. பட்டியலில் அவை இப்படி எழுதப்பட்டிருந்தன.

முதலாவது, முதிர்ந்த பறவை. வெளிர்சாம்பல் முதுகு, வெள்ளைத் தலை, நீண்ட அலகு. பதிவு: கேஸ்பியன் கடற்காகம். இரண்டாவதும் முதிர்ந்ததே. முதுகு கருஞ்சாம்பல், அலகின் நுனிக்கு முன் கறுப்புப் பட்டை. பதிவு: ஹியூக்ளின். மூன்றாவது உடலெங்கும் பழுப்புத் திட்டுகள் கொண்ட இளம்பறவை. முகம் வெளுத்திருந்ததால் அதுவும் கேஸ்பியன் என்று எழுதப்பட்டிருந்தது.

முதல் பறவையின் காலில் ஒரு குறை இருந்ததை ஆசிரியை ஓரத்தில் குறித்திருந்தார்: இடக்காலில் வெளிவிரல் இல்லை, சவ்வு கிழிந்திருக்கிறது, நடையில் சாய்வு. இனங்காண உதவாத குறிப்புதான். ஆனால் இந்த நிகழ்வில் இதைவிடப் பயன்பட்ட வரி வேறொன்றில்லை.

மாணவர் கேஸ்பியன் என்றதற்குக் காரணம் முதுகின் நிறமும் தலையின் வெண்மையும். வங்கி ஊழியர் அதை ஏற்கவில்லை. "தம்பி, முப்பது வருஷமா இங்க பெரிய காக்கான்னா ஹியூக்ளின்தான். கேஸ்பியனாவது ஒன்னாவது" என்றாராம். "அப்ப ரெண்டும் ஏன் சார் ஒரே நிறத்துல இல்ல?" என்று மாணவர் கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. பேச்சு நீளாமல் இருக்க, வெளிறியதைக் கேஸ்பியன் என்றும் கருத்ததை ஹியூக்ளின் என்றும் எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறார்கள்.

இரு தரப்பும் ஒரே இடத்தில் சறுக்கியதாகவே எனக்குப் படுகிறது. அரிய இனம் என்ற ஆசையில் பெயர் வைப்பதும், வழக்கமாக வருவது இதுதான் என்ற பழக்கத்தில் பெயர் வைப்பதும் பறவையைப் பாராமல் வைக்கும் பெயர்கள்தாம். பழக்கத்தில் வைத்த பெயர் பெரும்பாலும் சரியாக அமைந்துவிடுவதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. இங்கே அந்தப் பதிவும் சரிபார்ப்பில் நிற்கவில்லை.

நிறத்தை ஏன் ஒதுக்கினோம்

படங்கள் வந்ததும் முதலில் பார்த்தது முதுகின் நிறத்தை அல்ல, படம் எடுத்த விதத்தை. முதல் பறவை நண்பகலில் வெள்ளை மணலில் நின்றது. பறவை இருண்டுவிடக் கூடாதே என்று மாணவர் எக்ஸ்போஷரை ஏற்றியிருந்தார். பக்கத்தில் நின்ற பழுப்புத்தலைக் கடற்காகத்தின் மார்பில் ஓர் இறகு விளிம்புகூடத் தெரியவில்லை, முழுக்க வெண்மை. அதே வெளிச்சம் முதல் பறவையின் முதுகையும் வெளிறச் செய்திருக்கும், பிடரியில் மெல்லிய கோடுகள் இருந்திருந்தால் அவற்றையும் விழுங்கியிருக்கும். இரண்டாவது பறவை எதிர்வெயிலில், நிழல் பக்கமாக எடுக்கப்பட்டது. அது உள்ளதைவிடக் கருத்துத்தான் தெரியும்.

மூன்று வகைகளின் முதுகு நிறங்களுக்கும் வரிசை உண்டு. கேஸ்பியன் வெளிர்சாம்பல், ஸ்டெப்பி நடுத்தரம், ஹியூக்ளின் அடர்த்தி. ஆனால் ஸ்டெப்பிக்கும் ஹியூக்ளினுக்கும் இடையிலான வேறுபாடு கேமராவில் ஒரு படி மாற்றத்தில் காணாமல் போகும் அளவே. எனவே நிறத்தை ஒரே படத்துக்குள் மட்டும் ஒப்பிடுவது என்று முடிவெடுத்தோம். அடுத்தடுத்து நிற்கும் பறவைகளுக்கு வெளிச்சம் ஒன்றுதான். கேஸ்பியனின் முதுகு பழுப்புத்தலைக் கடற்காகத்தின் முதுகோடு ஏறத்தாழ ஒத்தோ சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். வெளிறிப்போன அந்தப் படத்திலேயே, முதல் பறவையின் முதுகு பக்கத்துப் பறவையினுடையதைவிடத் தெளிவாக அடர்ந்திருந்தது. கேஸ்பியன் என்ற பெயருக்கு முதல் விரிசல் விழுந்தது இங்கே.

இறக்கை நுனி

கடற்காகத்தின் இறக்கையில் பறப்பதற்கு ஆதாரமான முதன்மை இறகுகள் பத்து. உள்ளிருந்து வெளிநோக்கி 1 முதல் 10 வரை எண்ணுவார்கள். ஆண்டுக்கொரு முறை இவை அனைத்தும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் அல்ல. 1-இல் தொடங்கி வரிசையாக, ஒன்று உதிர்ந்து வளர வளர அடுத்தது உதிரும். கடைசியாக மாறுவது இறக்கையின் ஓரத்தில் உள்ள 10. பெரிய கடற்காகத்தில் வெளி இறகு ஒன்று முழு நீளம் வர ஒரு மாதத்துக்கு மேலாகிவிடும். அதனால் இந்தச் சுற்று மாதக்கணக்கில் இழுக்கும்.

பறவையின் நாட்காட்டி இந்தச் சுற்றில்தான் இருக்கிறது. தெற்கே கூடுகட்டும் கேஸ்பியன் கோடைத் தொடக்கத்திலேயே இறகுதிர்க்கத் தொடங்கி இலையுதிர் காலத்துக்குள் பெரும்பாலும் முடித்துவிடும். ஸ்டெப்பி கடற்காகம் அதைவிடச் சற்றுத் தாமதம். ஆண்டு முடிவை ஒட்டி அதன் இறக்கை நிறைந்துவிடும், சில ஜனவரி வரை போகலாம். ஹியூக்ளின் தூந்திரப் பறவை. அங்கே கோடை குறுகியது. கூடுகட்டிக் குஞ்சு பொரித்து முடிப்பதற்குள் கிளம்பும் காலம் வந்துவிடும். உள் இறகுகள் சிலவற்றை மாற்றிக்கொண்டு தெற்கே புறப்படும், மிச்சத்தைக் குளிர்காலக் கரையில்தான் மாற்றி முடிக்கும். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் 9, 10-ஆம் இறகுகள் பாதி வளர்ந்த நிலையில் முதிர்ந்த ஹியூக்ளின்களைக் காண்பது வழக்கமே.

ஆகவே கேள்வி இப்படி மாறியது: ஜனவரி நடுவில் இந்தப் பறவைகளின் இறக்கை நுனி எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

முதல் பறவை மணலில் நிற்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மடித்த இறக்கையின் நுனியில் கருகருவென்று புத்திறகுகள் அடுக்காக இருந்தன, ஒவ்வொன்றின் முனையிலும் தெளிவான வெண்பொட்டு. அவற்றுக்குக் கீழே, வால் தாண்டி நீட்டிக்கொண்டு, தனியாக ஓர் இறகு. கறுப்பு அல்ல, துருப்பிடித்த பழுப்பு. முனை கூராகத் தேய்ந்திருந்தது, வெண்பொட்டு இல்லை. இறகுக்குக் கறுப்பைத் தரும் மெலனின் அதற்கு உறுதியையும் தருகிறது. மெலனின் இல்லாத வெண்முனை முதலில் தேய்ந்து உதிரும், கறுப்புப் பகுதியோ வெயிலில் பழுப்பாக வெளுக்கும். அந்தத் தனி இறகு போன ஆண்டின் 10-ஆவது.

9-ஆவது எங்கே? மாணவரிடம் அன்று எடுத்த எல்லாப் படங்களையும், அழிக்க ஒதுக்கியவை உட்பட அனுப்பச் சொன்னோம். அவற்றுள் ஒன்றில் பறவை மேலெழும்பிக்கொண்டிருந்தது. தலை பாதி வெட்டுப்பட்டு, கொஞ்சம் கலங்கலான படம். அழகுக்காக எடுப்பவர் யாரும் வைத்துக்கொள்ளாத படம். அதில் விரிந்த இறக்கையின் ஓரம் பல் விழுந்த குழந்தையின் வாய்போல இருந்தது. 8-ஆவது முழுதாக இருக்கிறது. அடுத்து இடைவெளி, அதன் அடியில் பாதி நீளத்தில் நிற்கும் புதிய 9. அதன் பிறகு தேய்ந்த பழைய 10. இரு இறக்கைகளிலும் இதே நிலை. இரு பக்கமும் ஒன்றாக இருந்ததால், சண்டையிலோ வலையிலோ இழந்த இறகு அல்ல, முறையான இறகுதிர்வுதான் என்று கொள்ள முடிந்தது.

கேஸ்பியனாக இருந்தால் ஜனவரி நடுவில் இந்த நிலை பொருந்தாது. இன்னொரு சான்றும் அதே படத்தில் இருந்தது. முதிர்ந்த கேஸ்பியனின் 10-ஆவது இறகின் உட்பக்கத்தில் நாக்கு போன்ற நீண்ட வெளிர்சாம்பல் பட்டை ஒன்று கறுப்புக்குள் ஊடுருவி ஓடும். இந்தப் பறவையின் பழைய இறகில் நுனி அருகே ஒரு வெண்திட்டு இருந்தது, அதற்கு உள்ளே நெடுகக் கருமைதான். கேஸ்பியன் என்ற பதிவை நீக்க இது போதுமானதாக இருந்தது.

இரண்டாவது பறவை

கருத்த முதுகு என்பதால் ஹியூக்ளின் என்று எழுதப்பட்ட பறவையை அதே கண்ணோடு பார்த்தபோது வேறு கதை கிடைத்தது. பறக்கும் படங்கள் இரண்டு இருந்தன. பத்து இறகுகளும் புதியவை, முழு நீளம், எல்லா முனைகளிலும் வெண்பொட்டு. ஜனவரி நடுவிலேயே சுற்று முடிந்துவிட்டது. பிடரியில் ஒன்றிரண்டு மெல்லிய கோடுகள் தவிரத் தலை வெள்ளை, இத்தனைக்கும் இந்தப் படங்களில் வெளிச்சம் மிகையில்லை. அலகில் கறுப்புப் பட்டை.

இந்த மூன்று அடையாளங்களும் சேர்ந்து ஸ்டெப்பி கடற்காகத்தை நோக்கிக் கைகாட்டின. இரண்டு பறவைகளும் தொலைவில் ஒன்றாக நின்ற படம் ஒன்று ஆசிரியையின் கைபேசியில், தொலைநோக்கி வழியாக எடுத்ததாக, இருந்தது. தரம் மோசம். ஆனால் ஒரே வெளிச்சம். அதில் நொண்டிக்கால் பறவையின் முதுகுதான் இரண்டாவதைவிடச் சற்று அடர்ந்திருந்தது. பட்டியலில் எழுதிய வரிசைக்கு நேர் எதிர்.

வங்கி ஊழியர் இதற்கு நியாயமான மறுப்பு ஒன்றை வைத்தார். ஹியூக்ளின்களில் சீக்கிரம் இறகுதிர்த்து முடிப்பவையும் இருக்கலாமே, அலகுப் பட்டை குளிர்காலத்தில் எதற்கும் வரலாமே என்றார். உண்மைதான். தாமதமாகும் இறகுதிர்வு ஹியூக்ளினுக்கு ஆதரவான சான்று, ஆனால் முடிந்துபோன இறகுதிர்வு அதற்கு எதிராக அந்த அளவு வலுவான சான்றாகாது. பிப்ரவரியில் பார்த்திருந்தால் இன்னும் வலு குறைந்திருக்கும்.

இந்தப் பறவைகள் இவ்வளவு படுத்துவதற்குக் காரணம் அவற்றின் வரலாறு. வடதுருவத்தைச் சுற்றி வளையமாகப் பரவி, அண்டை வடிவங்களோடு கலந்து, வளையத்தின் இரு முனைகள் சந்திக்கும் இடத்தில் மட்டும் தனி இனங்களாக நிற்பவை என்று பரிணாம உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் இவற்றை எடுத்துக்காட்டினார். 2004-இல் வெளிவந்த டி.என்.ஏ. ஆய்வு அந்த வளையக் கதை சரியில்லை என்றது. வளையம் போனாலும் நெருக்கம் போகவில்லை. எந்த ஓர் அடையாளத்திலும் இரு வடிவங்களின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும்.

இளம்பறவை

பெரிய கடற்காகம் முதிர்ந்த இறகணியைப் பெற ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் எடுக்கும். இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒவ்வொரு தோற்றம். வயதைக் குறிக்க நாட்காட்டி ஆண்டைப் பயன்படுத்துவது வசதி: ஜூனில் பொரித்த குஞ்சு ஜனவரி 1-இல் தன் இரண்டாம் நாட்காட்டி ஆண்டுக்குள் நுழைகிறது.

இந்தப் பறவை அந்த வயதுதான். முதன்மை இறகுகள் எல்லாம் ஒரே தலைமுறை, கூர்முனை, வெண்பொட்டு கிடையாது. கூட்டிலிருந்து கிளம்பியபோது இருந்த அதே இறகுகள், முதல் முழு உதிர்வு அடுத்த கோடையில்தான் தொடங்கும். முதல் குளிர்காலத்துக்கு முன் மாறுபவை பெரும்பாலும் தலை, உடல், தோளிறகுகள்தாம். தோளில் சாம்பல் கலந்த புதிய இறகுகளோடு பழுப்பான பழையவையும் கலந்திருந்தன, இறக்கை மறைப்பிறகுகள் (பறக்கும் இறகுகளின் அடியை மூடும் சிற்றிறகுகள்) அத்தனையும் பழையவை. கேஸ்பியன் இளம்பறவைகள் இந்த மாதத்துக்குள் தோளிறகுகளை முழுக்க மாற்றி, மறைப்பிறகுகளிலும் சிலவற்றை மாற்றியிருப்பதே வழக்கம். இது வடக்கத்திப் பறவை என்ற பக்கம் சாய்ந்தது.

முடிவுசொல்லத் தேவைப்பட்டது இறக்கையின் அடிப்பக்கம். கேஸ்பியனில் வெளுத்திருக்கும், ஹியூக்ளினில் பழுப்பாக இருண்டிருக்கும். மேற்பக்கத்தில் உள் முதன்மை இறகுகளில் வெளிர்ந்த சாளரம் போன்ற பகுதி உண்டா இல்லையா என்பதும் உதவும். இருந்த ஒரே பறக்கும் படம் பறவை விலகிப்போகும்போது பின்னாலிருந்து எடுத்தது. அடிப்பக்கம் தெரியவில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் பறவையைக் கேஸ்பியன் பட்டியலிலிருந்து எடுத்து, சிறிய கருமுதுகுக் கடற்காகம் என்று மாற்றினோம். ஹியூக்ளின் என்ற கிளையினப் பெயரை உடனே சேர்க்கவில்லை. தாமதித்து முடிக்கும் ஸ்டெப்பி ஒன்றாக இருக்கும் சிறு வாய்ப்பு மிச்சமிருந்தது. இறகுதிர்வு எந்த மாதம் முடிகிறது என்று தெரிந்தால் அந்தச் சந்தேகம் பெருமளவு தீரும். பறவைக்குக் காலில் அடையாளம் இருந்ததால் அதைப் பின்தொடர முடியும் என்று நினைத்தோம்.

இரண்டாவது பறவையையும் இன அளவிலேயே நிறுத்தினோம். ஹியூக்ளின் என்பதை எடுத்துவிட்டு, ஸ்டெப்பிக்குப் பொருந்தும் அடையாளங்கள் எவை என்பதைக் குறிப்பில் மட்டும் எழுதினோம். இரண்டும் ஒரே இனத்துக்குள் அடங்குவதால் கணக்கெடுப்பு எண்ணிக்கைக்கு இதனால் நட்டமில்லை.

இளம்பறவை இனம் உறுதியாகாத கடற்காகம் என்று பதிவானது. மாணவருக்கு இதில் வருத்தம். இத்தனை படம் இருந்தும் பெயர் இல்லையா என்றார். படங்கள் பல இருந்தும், வேண்டிய ஒரு கோணம் அவற்றில் இல்லை.

தொடர்ந்து நடந்தது

மாணவரும் ஆசிரியையும் பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடி போனார்கள். நொண்டிக்கால் பறவையை அவர்களால் உடனே காண முடியவில்லை. கரைவலை ஏறும்வரை காத்திருந்தபோது மீனவர் ஒருவர் விசாரித்திருக்கிறார்.

"எத தம்பி தேடுறீக?"

"கால் ஊனமான பெரிய கடல்காக்கா ஒன்னு இருந்துச்சுண்ணே."

"நொண்டியா? அது தை பொறக்குறதுக்கு முன்னாடியே வந்துருச்சு. இந்த மடிக்குத்தான் வரும். தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) சுத்தி வெரலு போயிருச்சு, பாவம். வல ஏறட்டும், பாருங்க."

வலை ஏறியதும் வந்தது. வேறு எந்தப் பறவையோடும் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லாத அதே கால். இந்த முறை மாணவர் எக்ஸ்போஷரைக் குறைத்து வைத்து, நிற்கும் படத்தைவிட எழும்பும் படத்துக்கே காத்திருந்தார். 9-ஆவது இறகு ஏறக்குறைய 8-இன் நீளத்தை எட்டியிருந்தது. பழைய 10 உதிர்ந்துவிட்டது, அந்த இடத்தில் உறையிலிருந்து எட்டிப்பார்க்கும் முனை மட்டும். வெளிச்சம் சரியாக இருந்ததால் பிடரியில் அடர்பழுப்புக் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஜனவரிப் படத்தில் அவை வெண்மைக்குள் காணாமல் போயிருந்தன. வெள்ளைத் தலை என்ற ஆதாரமும் அத்துடன் விழுந்தது.

இரண்டாவது பறவையும் இளம்பறவையும் அன்று இல்லை. பிறகும் தென்படவில்லை.

மார்ச் நடுவில் மீனவரே ஆசிரியையின் கைபேசிக்கு அழைத்து நொண்டி இன்னும் இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தபோது 10-ஆவது இறகு முழு நீளத்துக்குச் சற்றே குறைவாக இருந்தது. ஆனால் மற்ற எல்லாம் மாறியிருந்தன. இனப்பெருக்க காலத்துக்கு முந்தைய பகுதி உதிர்வில் தலை இறகுகள் புதுப்பிக்கப்பட்டு, பிடரிக் கோடுகள் மறைந்து தலை சுத்த வெள்ளையாகிவிட்டது. அலகு பளிச்சென்ற மஞ்சள், கீழலகில் சிவப்புப் பொட்டு. கால்களும் மஞ்சள். சுற்றியிருந்த பழுப்புத்தலைக் கடற்காகங்களில் பலவற்றுக்கும் தலையில் பழுப்பு முக்காடு ஏறியிருந்தது.

இந்தக் கட்டத்தில் ஒருவர் புதிதாக வந்து இதே பறவையைப் பார்த்திருந்தால், வெள்ளைத் தலையும் கருஞ்சாம்பல் முதுகும் ஏறத்தாழ நிறைந்த இறக்கையும்தான் கண்ணில் பட்டிருக்கும். ஸ்டெப்பியா ஹியூக்ளினா என்று பிரிக்க முதுகின் அடர்த்தி ஒன்றே மிஞ்சியிருக்கும், அதைத்தான் நம்ப முடியாது என்று ஜனவரியிலேயே ஒதுக்கியிருந்தோம். தேதி பொறித்த ஜனவரி, பிப்ரவரிப் படங்கள் இல்லையென்றால் இந்தப் பதிவு கிளையின அளவுக்குப் போயிருக்காது.

அடுத்த சில நாட்களில் பறவை போய்விட்டதாக மீனவர் தெரிவித்தார்.

விளைவு

மார்ச் நடுவிலும் முடியாத 10-ஆவது இறகு, பிப்ரவரியில் அடர்ந்த பிடரிக் கோடுகள், ஒரே படத்தில் மற்றதைவிட அடர்ந்த முதுகு ஆகியவற்றின் அடிப்படையில் முதல் பறவை ஹியூக்ளின் என்று பதிவு திருத்தப்பட்டது. மூன்று தேதிகளின் இறக்கைப் படங்களும் பதிவோடு இணைக்கப்பட்டன, கலங்கலான முதல் படம் உட்பட. இரண்டாவது பறவை இன அளவிலேயே இருக்கிறது. அதை ஸ்டெப்பி என்று உயர்த்த வேண்டும் என்று இப்போது வாதிடுபவர் வங்கி ஊழியர். நான் இன்னும் இணங்கவில்லை. பிடரியும் இறக்கையும் சேர்ந்து தெரியும்படி நவம்பர் அல்லது டிசம்பரில் எடுத்த படம் ஒன்று இருந்திருந்தால் இணங்கியிருப்பேன். இளம்பறவைக்குப் பெயர் இல்லை.

கணக்கெடுப்புத் தாளில் கேஸ்பியன் என்ற வரி அனுப்பும் முன்பே நீக்கப்பட்டது.

இனி மாறுபவை

குழு தன் களக்குறிப்பில் பெரிய கடற்காகங்களுக்கெனத் தனிப் பத்தி சேர்த்திருக்கிறது. எந்த இறகு வரை புதியது, எது வளர்கிறது, எது பழையது என்பதைப் பெயருக்கு முன்பாக எழுதுகிறார்கள். முதுகின் நிறத்தை எழுதினால், எந்தப் பறவையோடு ஒரே சட்டகத்தில் ஒப்பிட்டது என்பதையும் எழுத வேண்டும். நிற்கும் படம் எத்தனை அழகாக இருந்தாலும், இரு இறக்கைகளும் விரிந்த படம் ஒன்று, முடிந்தால் அடிப்பக்கமும் தெரியும் இன்னொன்று எடுக்காமல் நகர்வதில்லை.

படங்களைக் களத்திலேயே அழிப்பதை மாணவர் நிறுத்திவிட்டார். எந்தப் படம் தேவைப்படும் என்பது அங்கே தெரியாது என்கிறார். காலில் ஊனம், அலகில் வடு, காலில் வளையம் என்று தனிப் பறவையை அடையாளம் காட்டும் எதையும் இப்போது மூவருமே குறிக்கிறார்கள். முதல் நாள் ஆசிரியை மட்டும் செய்தது அது.

கணக்கெடுப்பின் தேதியை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் கடற்காகங்களுக்காக மட்டும் நவம்பர் கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் ஒரு நடை போகலாம் என்று பேசியிருக்கிறோம். ஜனவரி நடுவில் ஸ்டெப்பியும் ஹியூக்ளினும் இறகுதிர்வில் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன, நவம்பரில் அந்த இடைவெளி அகலமாக இருக்கும். கரைவலை எந்த நாளில், எந்த இடத்தில் ஏறும் என்பதை மீனவர் முந்தின நாள் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.